கண்ணாடியில் மோதும் பறவைகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அடுத்தபடியாகத் தண்ணீர் லாரிக் கணக்கு வருவதால் யாரும் எழுந்து போகமாட்டீர்கள் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிளப் ஹவுஸின் மேற்குப் பக்கக் கண்ணாடிச் சுவருக்கும், ஏ பிளாக்கையும் பி பிளாக்கையும் இணைக்கும் கண்ணாடி நடைபாதைக்கும் வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது. மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டார்கள். மூன்றுமே வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும் ரகம். சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் இங்கே கேரம் ஆட முடியவில்லை, யோகா வகுப்பில் உட்கார முடியவில்லை என்ற புகார் நியாயமானது. வெயிலைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டுப் போடுவதற்கு முன்னால், அந்த இரண்டு கண்ணாடிகளும் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

நம் வளாகத்தைப் பெருக்கும் அம்மாவிடம் ஒருநாள் பேச்சுவாக்கில், "கண்ணாடியில் குருவி ஏதாவது வந்து அடிபடுகிறதா அம்மா?" என்று கேட்டேன். "கெடக்கும் சார். மாசத்துக்கு ரெண்டு மூணு. ஆறு மணிக்குப் பெருக்கும்போதே எடுத்துப் போட்டுடுவேன். லேட்டா வந்தா காக்கா தூக்கிட்டுப் போயிடும், இல்லேன்னா பூனை" என்றார். நம்மில் பெரும்பாலோர் லிஃப்டை விட்டு இறங்குவது ஏழரை, எட்டு மணிக்கு. அதற்குள் எல்லாம் சுத்தமாகிவிடுகிறது. இத்தனை வருடம் நம் கண்ணில் படாமல் போனதற்கு வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து மெயின் கேட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வங்கியில் ஆயுள் முழுக்க லெட்ஜர் எழுதியவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. தேதி, நேரம், இடம், என்ன பறவை, உயிர் இருந்ததா, பிறகு என்ன ஆயிற்று. செக்யூரிட்டி தம்பிகளும் அந்த அம்மாவும் சொல்லச் சொல்ல எழுதியது. பி பிளாக்கில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி போட்டோவைப் பார்த்துப் பெயர் சொல்வாள். போன அக்டோபரிலிருந்து இந்த ஜூன் முடிய, ஒன்பது மாதத்தில் பத்தொன்பது பதிவு.

விவரம் சொல்கிறேன். கொண்டைக்குருவி 4, தேன்சிட்டு 3, குக்குறுவான் 3, குயில் 2, ஆறுமணிக்குருவி 2, மாம்பழச்சிட்டு, மீன்கொத்தி, பச்சைக்கிளி ஒவ்வொன்று, அடையாளம் தெரியாத நிலையில் கிடந்தவை 2. இதில் 12 அந்த இடத்திலேயே செத்தவை. 5 சற்று நேரம் கழித்துப் பறந்துபோயின. 2 பறவைகளை மருத்துவத்துக்குக் கொண்டுபோனோம். இடவாரியாகப் பார்த்தால் இந்தக் கிளப் ஹவுஸ் சுவரில் 9, இணைப்பு நடைபாதையில் 6, மீதி 4 மட்டும் தனி வீடுகளின் பால்கனிக் கண்ணாடியில். அதாவது பத்தொன்பதில் பதினைந்து, நாம் இன்று ஃபிலிம் ஒட்டலாமா என்று ஓட்டுப் போடப்போகும் அதே இரண்டு கண்ணாடிகளில். காக்காயும் பூனையும் எங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டு போனது இந்தக் கணக்கில் சேராது. வங்கிப் பாஷையில் சொன்னால், இது கையிருப்பில் வந்த தொகை மட்டும்.

அந்தப் பட்டியலில் ஆறுமணிக்குருவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை. இந்தியில் இதற்கு நவரங்க் என்று பெயர். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூப்பிடுவதால் நம் ஊர்க்காரர்கள் ஆறுமணிக்குருவி என்று வைத்தார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிகிற சமயத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பயணம் செய்கிற பறவை. வால் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குக் குட்டை வால். அவ்வளவு தூரம் அந்த உடம்பை வைத்துக்கொண்டு பறந்து வந்து, நமது புங்க மரத்தடியில் இலையைக் கிளறிப் பூச்சி தின்று களைப்பாறிவிட்டு, கிளம்புகிறபோது கண்ணாடியில் மோதிச் சாகிறது. போன அக்டோபரில் இரண்டு. இரண்டும் இணைப்பு நடைபாதையில்.

ஏன் மோதுகின்றன? பறவைக்குக் கண்பார்வை குறைவு என்று நினைக்கக் கூடாது. நன்றாகவே பார்க்கும். கண்ணாடி என்ற பொருள்தான் அதற்குப் புரியாது. நமக்கும் அது பிறவியிலேயே தெரிந்த விஷயம் இல்லை. ஜவுளிக்கடையில் புதிதாகத் துடைத்த கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலு பேராவது இருப்பீர்கள். அதனால்தான் வங்கிகளிலும் ஏடிஎம்களிலும் கண்மட்டத்தில் ஒரு பட்டை ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நாம் சட்டத்தைப் பார்த்து, கைப்பிடியைப் பார்த்து, இங்கே கண்ணாடி இருக்கிறது என்று ஊகிக்கிறோம். பறவைக்குச் சட்டமும் கைப்பிடியும் ஒரு அர்த்தமும் தராது.

இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, ஊடுருவித் தெரிவது. நம் இணைப்பு நடைபாதை அப்படி. இரண்டு பக்கமும் கண்ணாடி. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து மரமும் வானமும் தெரிகிறது. பறவைக்கு அது திறந்த வழி. சி பிளாக்கில் பால்கனிக் கைப்பிடிச் சுவருக்குப் பதில் கண்ணாடி வைத்திருக்கிறார்களே, அதுவும் இந்த ரகம்தான். மற்றொன்று, பிரதிபலிப்பது. கிளப் ஹவுஸ் சுவருக்கு எதிரே நாவலும் புங்கமும் நிற்கின்றன. காலையில் வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. புல்வெளியில் நின்று பார்த்தால் சுவருக்குள் இன்னொரு தோப்பு இருப்பது போலத் தெரியும். சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்து போகும்போது திரும்பிப் பாருங்கள். குக்குறுவான் பழத்தைத் தேடி அந்தத் தோப்புக்குள் நேராகப் போகிறது. இப்போது யோசியுங்கள்: ஓரளவு பிரதிபலிக்கிற கண்ணாடியிலேயே ஒன்பது. அதை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடியாக்கினால்?

இந்த விஷயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் டேனியல் க்ளெம் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1970களில் ஆரம்பித்து வாழ்நாள் முழுவதும் இதே ஆராய்ச்சி. கண்ணாடியில் மோதிய பறவை கழுத்து முறிந்து சாகிறது என்றுதான் எல்லாரும் சொல்லுவோம். அவர் அறுத்துப் பார்த்து, பெரும்பாலும் கழுத்து முறிவதில்லை, தலைக்குள் ரத்தம் கசிந்துதான் சாகிறது என்று காட்டினார். அதனால்தான், எழுந்து பறந்துபோன பறவை பிழைத்துவிட்டது என்று எழுத முடியாது. என் நோட்டில் பறந்துபோன ஐந்தையும் "பிழைத்தது" என்று எழுதவில்லை, "பறந்தது" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

2014இல் அமெரிக்காவில், அதுவரை வெளிவந்த கணக்குகளையெல்லாம் சேர்த்து ஒரு மதிப்பீடு போட்டார்கள். அந்த ஒரு நாட்டில் மட்டும் கட்டடங்களில் மோதி வருடத்துக்கு 36½ கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் சாகின்றன. எண் பெரிது என்பதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது அதன் பிரிவினை. வானளாவிய கட்டடங்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சுமார் 44 சதவீதம் ஒன்று முதல் மூன்று மாடி வீடுகளில். மீதி ஏறக்குறைய எல்லாமே நாலு முதல் பதினொரு மாடிக் கட்டடங்களில், அதாவது நம் மாதிரி இடங்களில். ஒரு வீட்டில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் வீடுகள் கோடிக்கணக்கில். சில்லறை டெபாசிட்டுகள் சேர்ந்துதான் வங்கியின் பெரிய தொகை ஆவது மாதிரி.

ஒரே இரவில் நடந்ததும் உண்டு. சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மையம் இருக்கிறது. உயரமான கோபுரம் அல்ல, அகலமான கண்ணாடிக் கட்டடம். 2023 அக்டோபர் 4 இரவும் 5 விடியலுமாக, தெற்கே வலசை போய்க்கொண்டிருந்த பறவைகள் ஏறக்குறைய ஆயிரம், அந்த ஒரு கட்டடத்தைச் சுற்றிச் செத்துக் கிடந்தன. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வெளியே மழை மேகம். அடுத்த வருடம் கண்ணாடி முழுவதும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு புள்ளிகள் கொண்ட ஃபிலிமை வெளிப்பக்கம் ஒட்டினார்கள். செலவு 12 லட்சம் டாலர். அந்த இலையுதிர் காலத்தில் சாவு சுமார் 95 சதவீதம் குறைந்தது. கட்டடம் அதேதான், ஏரி அதேதான். புள்ளி வைத்தது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த மெக்கார்மிக் பிளேஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை, நேரம் இருந்தால். சிகாகோ ஃபீல்டு மியூசியத்தில் டேவிட் வில்லார்ட் என்பவர் 1978இலிருந்து விடியற்காலையில் நடந்துபோய் அங்கே செத்துக் கிடக்கும் பறவைகளைப் பொறுக்கி வந்து, கால் நீளம், இறக்கை நீளம், எடை எல்லாம் அளந்து, கையால் லெட்ஜரில் எழுதிவைத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பது வருடத்தில் எழுபதாயிரத்துக்கும் மேல் பறவைகளின் அளவு. அந்த லெட்ஜரை வைத்து 2019இல், ஐம்பத்திரண்டு இனப் பறவைகளின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துவருகிறது என்று கண்டுபிடித்தார்கள். எழுதிவைத்த மனிதருக்கு ஆரம்பத்தில் இது எதற்குப் பயன்படும் என்றே தெரியாது. நோட்டுப் புத்தகம் எதற்கு என்று என்னைக் கேட்டவர்களுக்காக இதைச் சொன்னேன்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நான்காம் மாடி அம்மா ஒருவர், "தினமும் ஒரு குருவி வந்து ஜன்னலைக் கொத்துகிறது, ஏதாவது அபசகுனமா?" என்று கேட்டார். அது வேறு சமாச்சாரம். தேன்சிட்டு, குண்டுகரிச்சான், கொண்டைக்குருவி மாதிரிப் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் தன் எல்லைக்குள் வேறு ஆணைச் சகிக்காது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துச் சண்டை போடும். பார்க்கிங்கில் கார்களின் பக்கக் கண்ணாடியில் எச்சம் வழிந்திருக்கிறதே, அதுவும் இந்தச் சண்டையின் மிச்சம். இதில் பறவைக்குப் பெரும்பாலும் அடிபடாது, சக்திதான் வீண். அந்த இடத்தில் வெளிப்பக்கம் ஒரு செய்தித்தாளை ஒட்டினால் போதும். காரின் பக்கக் கண்ணாடிக்கு ஒரு பழைய துணிப்பை மாட்டலாம். கூடு கட்டும் காலம் முடிந்ததும் அதுவே போய்விடும். சகுனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மோதலைத் தடுப்பதற்கு ஒரே ஒரு தத்துவம்தான். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், இங்கே நுழைய இடமில்லை என்று பறவை நினைக்கும்படி நெருக்கமாக ஏதாவது தெரிய வேண்டும். "வெளிப்பக்கம்", "நெருக்கம்" என்ற இரண்டு வார்த்தையையும் மறக்கக் கூடாது. பிரதிபலிப்பு வெளி மேற்பரப்பில் விழுவதால், உள்ளே ஒட்டிய ஸ்டிக்கரை அது மறைத்துவிடும். கண்ணாடியின் நடுவில் ஒரு பருந்துப் படம் ஒட்டுவது பல ஊர்களில் வழக்கம். அது பயனில்லை. பறவை அசையாத பருந்தைக் கண்டு பயப்படுவதில்லை. அந்த ஒரு படத்தைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் போய் மோதும். சிறு பறவைகள் உள்ளங்கையகல இடைவெளியில்கூட இலைகளுக்கு நடுவே புகுந்து பழகியவை. ஆகவே இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாத புள்ளியோ கோடோதான் நல்லது என்கிறார்கள். நெடுக்குக் கோடாக இருந்தால் நாலு அங்குலம் வரையிலும் ஓரளவு வேலை செய்யும். நம் தாத்தா வீட்டு ஜன்னலை நினைத்துப் பாருங்கள். மரக்கதவு, நெருக்கமாக நெடுக்குக் கம்பி, கண்ணாடி என்பதே கிடையாது. அங்கே குருவி உள்ளே வந்து போட்டோவுக்குப் பின்னால் கூடு கட்டியதே தவிர, ஜன்னலில் மோதிச் செத்ததில்லை.

நான் சொல்லும் புள்ளி நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதில்லை. நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி இரண்டும் இங்கே எல்லாருக்கும் கைப்பழக்கம். நாலடிக்கு நாலடி ஜன்னலுக்கு இரண்டு அங்குல இடைவெளியில் 24 வரிசை, வரிசைக்கு 24 புள்ளி, ஆக 576. மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது ஒரு மணி நேர வேலை. அரிசி மாவு மழையில் கரைந்துவிடும், எறும்பும் வரும்; அதனால் வெள்ளைப் பெயின்ட் மார்க்கர் நல்லது. பிள்ளைகளை விட்டு போஸ்டர் கலரில் படம் வரையச் சொன்னாலும் சரி, இடைவெளி மட்டும் பெரிதாக இருக்கக் கூடாது. சுத்தக் கண்ணாடிக்குப் பழகிய கண்ணுக்கு முதல் வாரம் உறுத்தும். அப்புறம் ஜன்னல் கம்பி மாதிரி அது கண்ணிலேயே படாது.

எனக்கு மிகவும் பிடித்தது கயிறு. அமெரிக்காவில் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஜன்னலுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு கட்டை அல்லது பைப், அதிலிருந்து நாலு அங்குலத்துக்கு ஒன்றாகக் கயிறு தொங்கவிட வேண்டியது. கீழே கட்டக்கூட வேண்டாம். காற்றில் லேசாக ஆடினால் இன்னும் நல்லது. நாலடி ஜன்னலுக்கு 13 கயிறு, 52 அடி. கொடி கட்டுகிற நைலான் கயிறே போதும். நான் என் ஹால் ஜன்னலில் ஜனவரியில் கட்டினேன். வெளிச்சம் குறையவில்லை, காற்றும் வருகிறது.

பல வீடுகளில் ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புறாவுக்காகப் பால்கனியில் நைலான் வலை கட்டியிருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம், வலை தொய்யாமல் இறுக்கமாக, கண்ணாடியிலிருந்து தள்ளி இருந்தால். தொய்ந்த வலையில் பறவை சிக்கிக்கொள்ளும்; வருடத்துக்கு ஒருமுறை ஆள் கூப்பிட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கொசுவலைச் சட்டம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருந்தால் அதுவே போதும். அது பிரதிபலிப்பையும் மங்கலாக்கும், மோதினாலும் மெத்தை மாதிரி தாங்கும். ஸ்லைடிங் ஜன்னலில் வலை உள் பக்கமா வெளிப் பக்கமா என்று இன்று போய்ப் பாருங்கள்.

உயரத்தில் இருப்பவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆபத்து பெரும்பாலும் தரையிலிருந்து மர உச்சி வரைதான். நியூயார்க் நகரத்தில் புதுக் கட்டடங்களுக்குப் பறவைகளுக்குத் தெரியும்படியான கண்ணாடிதான் போட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு எண்ணிட்ட சட்டம் கொண்டுவந்தார்கள். அதுவும் 75 அடி உயரம் வரை மட்டுமே கேட்கிறது. நம் கணக்கில் ஏழு மாடி. எட்டுக்கு மேல் இருப்பவர்கள் எனக்குக் கைதட்டினால் போதும்.

தண்ணீர்ச் சட்டி பற்றி ஒரு வார்த்தை. கோடையில் பால்கனியில் மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம், புண்ணிய காரியம். ஆனால் சட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கிறோம். பின்னால் ஐந்தாறு அடியில் ஹால் கண்ணாடிக் கதவு. பறவை குடிக்கும்போது காக்காயோ வைரியோ வந்தால், பயந்து கிளம்பி, அந்த ஐந்தாறு அடிக்குள் நல்ல வேகம் எடுத்துக் கண்ணாடியில் மோதும். ஒன்று, சட்டியைக் கண்ணாடியை ஒட்டி, மூன்று அடிக்குள் வையுங்கள். கிளம்பினாலும் மோதுகிற அளவுக்கு வேகம் வராது. இல்லையென்றால் முப்பது அடிக்கு அப்பால், கீழே தோட்டத்தில் வையுங்கள். நடுத்தர தூரம்தான் மோசம். இந்த ஒரு விஷயத்துக்குக் காசும் வேண்டாம், கமிட்டி அனுமதியும் வேண்டாம்.

அடிபட்ட பறவையைக் கண்டால் பலரும் முதலில் செய்வது வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது. தயவுசெய்து வேண்டாம். மயக்கத்தில் இருப்பதற்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, மெதுவாக அதில் வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஃபேனுக்கு அடியில் வேண்டாம். குழந்தைகள் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை பெட்டியை வெளியே, மரத்துப் பக்கம் எடுத்துப்போய்த் திறந்து பாருங்கள். தெளிந்திருந்தால் தானே போகும். இரண்டு மணி நேரத்தில் தெளியவில்லை என்றாலோ, இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ வனத்துறைக்கோ புளூ கிராஸுக்கோ சொல்லிவிட வேண்டும். குணப்படுத்தி வீட்டிலேயே வளர்க்கலாம் என்று சிலருக்கு ஆசை வரும். பச்சைக்கிளி உட்பட நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

விளக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் வலசை போகும் பறவையை வெளிச்சம் குழப்பி இழுக்கும். அஸ்ஸாமில் ஜதிங்கா என்ற மலைக்கிராமத்தில் நிலவில்லாத, பனிமூட்டமான இரவுகளில் விளக்கைத் தேடிப் பறவைகள் வந்து விழுவதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மெக்கார்மிக் பிளேஸின் பழைய பதிவுகளை ஆராய்ந்து, விளக்கெரியும் ஜன்னல்களைக் குறைந்தபட்சமாக்கினாலே சாவு ஏறக்குறைய 60 சதவீதம் குறையும் என்று 2021இல் கணக்கிட்டார்கள். கிளப் ஹவுஸில் பத்தரை மணிக்கு மேல் யாரும் இல்லை. ஆனால் இந்த ஹாலின் எட்டு விளக்கும் விடிய விடிய எரிகின்றன. செக்யூரிட்டிக்கு வாசல் விளக்கு ஒன்று போதும். அக்டோபர் முதல் மார்ச் வரையாவது மற்றதை அணைத்துவிட்டால் பொது மின்கட்டணமும் குறையும். பொருளாளர் தலையாட்டுகிறார், நன்றி.

இப்போது ஏழாவது தீர்மானம். என் கோரிக்கை, முகம் பார்க்கும் ரக ஃபிலிமை நிராகரித்துவிட்டு, கிளப் ஹவுஸ் மேற்குச் சுவருக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது. வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுத்துவிட்டால் உள்ளே சூடு இறங்காது. கண்ணாடி சூடான பிறகு உள்பக்கம் திரைச்சீலை இழுப்பதால் அவ்வளவு பலன் இல்லை. தட்டி தொங்குகிற இடத்தில் தோப்பும் தெரியாது, பறவையும் மோதாது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று சொல்லியிருப்பேன், பேசும் விஷயம் பறவை என்பதால் கல்லை விட்டுவிடுகிறேன். தட்டி மூன்று நாலு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், பெருமழையில் சுருட்டிக் கட்ட ஆள் வேண்டும், பார்க்க ஃபிலிம் மாதிரி நவீனமாக இருக்காது. இந்த மூன்று குறையும் உண்மை. ஃபிலிம்தான் வேண்டும் என்று பெரும்பான்மை முடிவானால், வெளிப்பக்கம் இரண்டு அங்குலப் புள்ளி உள்ள ஃபிலிமாகக் கேளுங்கள். மூன்று கொட்டேஷன்காரர்களிடமும் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் திரும்ப விலை வாங்கலாம்.

இணைப்பு நடைபாதைக்கு ஃபிலிமே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே யாரும் உட்காருவதில்லை, கடந்துதான் போகிறோம். கயிறு கட்டினால் தீர்ந்தது. அதையும் என் பேச்சை நம்பிச் செய்ய வேண்டாம். நடைபாதையின் பாதிக்கு மட்டும் கயிறு கட்டுவோம், மீதியை அப்படியே விடுவோம். நோட்டு எழுதுவது தொடரும். வலசைக் காலம் முடிந்து மார்ச் மாதக் கூட்டத்தில் இரண்டு பக்கக் கணக்கையும் படிக்கிறேன். கயிறு கட்டிய பக்கத்திலும் அதே எண்ணிக்கை இருந்தால் நானே அவிழ்த்து எடுத்துவிடுகிறேன். கயிறு செலவுக்குச் சங்க நிதியைத் தொட வேண்டாம், நாங்கள் சில பேர் போட்டுக்கொள்கிறோம். அனுமதி மட்டும் கொடுங்கள்.

அட்டைப்பெட்டி இரண்டும் பழைய துண்டும் மெயின் கேட் செக்யூரிட்டி அறையில், சாவிப் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறேன். நோட்டும் அங்கேதான். பறவை கிடப்பதைப் பார்த்தால், செத்ததாக இருந்தாலும், இடத்தையும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். காலையில் பெருக்கும் அம்மாவிடம், எடுத்துப் போடுவதற்கு முன் செக்யூரிட்டியிடம் சொல்லும்படி ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அனுமதி கிடைத்தால் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நடைபாதையில் கயிறு கட்டும் வேலை. ஏணி இருக்கிறது. ஏணியைப் பிடித்துக்கொள்ள வயதில் சின்னவர்கள் இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.